கைபேசி வீட்டிலிருக்கும் நேரம்

சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பியின் நடுப்பக்கத்தில் ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நேரம். கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த மாதங்களில் எங்கள் கணித ஆசிரியை பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி வைத்திருந்த நேரசூசி அது. எந்த வீட்டில் எப்போது கைபேசி இருக்கும் என்பதை அதில்தான் குறித்து வைத்திருந்தார்.

கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய பாடசாலையில் நான் வரலாறு கற்பித்தேன். கணித ஆசிரியை யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் மாணவர்கள் குடியிருக்கும் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒரு கைபேசிதான். தகப்பன் பேராதனைக்கு வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். ஒரு பிள்ளைக்குத் தாய் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது பத்து நிமிடம் கிடைக்கும். இன்னொரு பிள்ளை சித்தப்பன் வரும் ஐந்து மணிவரை காத்திருக்க வேண்டும். காணொளிக்கு டேட்டா போதாது என்று அவர் பாடத்தை மூன்று நிமிடக் குரல்பதிவுகளாகப் பிரித்தார். “கொப்பியில ஒரு ரொட்டி கீறுங்கோ, அதை நாலாப் பிரியுங்கோ” என்று சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்தாமல் சற்று நேரம் பேசாதிருப்பார். ஏன் என்று கேட்டேன். “பிள்ளை கீறி முடிக்க வேணுமே” என்றார்.

வாரந்தோறும் பாடக்குறிப்பைக் கணினியில் நிரப்பிக் கல்விக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவருக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. நான்தான் அடித்துக் கொடுப்பேன். ‘பயன்படுத்திய தொழில்நுட்பம்’ என்ற இடத்தில், குரல்பதிவு பதினான்கு பேருக்குக் கிடைத்தது, எட்டுப் பேருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னார். போதாது என்று படிவம் திரும்பி வந்தது. மறுபடி அதையே எழுதச் சொன்னார், மறுபடியும் திரும்பியது. மூன்றாம் முறை எனக்கு அலுத்துப்போய், எல்லா மாணவர்க்கும் காணொளியில் நேரடி வகுப்பு நடந்தது என்று அவரைக் கேட்காமலே எழுதி அனுப்பினேன். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள்.

பாடசாலை திறந்தபின் கண்டியில் ஆசிரியர் கூட்டமொன்று நடந்தது. அந்தப் படிவத்தை முன்மாதிரியாக வாசித்த அதிகாரி, எப்படிச் செய்தீர்கள் என்று மற்றவர்களுக்கு விளக்கும்படி அவரை அழைத்தார். எழுந்தவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இப்பிடி நடக்கேல்லை, சேர். எட்டுப் பிள்ளையளுக்கு ஒண்டும் போய்ச் சேரேல்லை. அதுகளில வந்த பிள்ளையளுக்குத்தான் நான் இப்ப திரும்பப் படிப்பிக்கிறன்.”

யார் எழுதியது என்று அவர் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கலாம். மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

பொய்த் தகவலுக்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கும் அவரே பதில் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த பாடசாலைத் தவணையில், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்துக்கு அவருக்கு இடமாற்றம் வந்தது. போகும்வரை பாடசாலை விட்டபின் அந்த எட்டில் வந்தவர்களை வைத்துப் படிப்பித்தார். ஐந்து பேர் எட்டிப் பிடித்தார்கள். மற்ற மூன்று பேர் பாடசாலைக்கே திரும்பி வரவில்லை.

கடைசி நாள் பேராதனை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அத எழுதுனதுக்கு என் பேரச் சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றேன்.

“சொல்லி என்ன? உமக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், “ஆனா இனி எனக்காக ஒண்டும் எழுதாதேயும்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது எங்கள் வகுப்பறையில் தொடுதிரை இருக்கிறது. பாடக்குறிப்பில் அதை எப்படி எழுதினால் திரும்பி வராது என்பது எனக்கு மனப்பாடம். இத்தனை வருடம் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். களைப்பில் அது பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. போன வாரம் மழையில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. திரை பயன்படுத்தப்படவில்லை, கரும்பலகையில் கற்பித்தேன் என்று எழுதினேன். மறுநாளே திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. இன்னும் திருத்தவில்லை.