சுகந்தி அக்காவின் வாளை நிமிர்த்தியவர்கள்

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறும்போது செய்தி வந்தது. சுகந்தி அக்கா இல்லை. மாரடைப்பு. பல்கலைக்கழகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. ஐரோப்பாவின் பண்டைய கெல்ட் மக்களின் இரும்பு வேலைகளை ஆராய்ந்தவர். அவரை அறிந்த உங்களுக்கு இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒருமுறை ஹரிஸ் பார்க்கில் ஒரு பிறந்தநாள் விருந்து. ஓர் அங்கிள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, வெள்ளைக்காரன்ர கறள் பிடிச்ச பழைய இரும்பில உமக்கென்ன வேலை?"

"நீங்கள் அவன்ர வங்கியில வேலை செய்யேக்க நான் கேட்டனானே, அங்கிள்?"

முதலில் சிரித்தவர் அங்கிள்தான். திரும்பும்போது காரில் அக்கா சொன்னார்: "கெல்ட் எண்டது தங்களைப் பற்றி எழுதி வைக்காத சனம். எழுதினதெல்லாம் அவையோட சண்டை பிடிச்சவை. அதாலதான் நான் இரும்பைக் கேக்கிறன்."

சென்ற ஆண்டு ஒரு கொல்லரிடம் கெல்ட் பாணியில் நீண்ட வாள் ஒன்று செய்வித்தார். அழகான வாள். மாணவர்கள் முன்னிலையில் அதைப் பழுக்கக் காய்ச்சி இரண்டாக மடித்தார். கெல்ட் மக்கள் பல இடங்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல வாளை மடித்து ஏரியில் இட்டார்கள். இறந்தவரோடு புதைத்தார்கள். "குடுத்தால் குடுத்ததுதான்," என்றார் அக்கா. "பிறகு ஒருத்தரும் எடுத்துச் சண்டைக்கு வீசேலாது."

போன வாரம் துறையில் நினைவுக்கூட்டம். மேசையில் அந்த வாள். நேராக. பளபளப்பாக. சேதமடைந்து கிடந்ததை அவருக்கு மரியாதையாகச் சரிசெய்தோம் என்றார் துறைத்தலைவர். இனி நுழைவாயில் கண்ணாடிப் பெட்டியில் அவர் பெயரோடு இருக்குமாம். கை தட்டினார்கள்.

இத்தனை ஆண்டுகள் கூட வேலை செய்தவர்கள். அவர் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

எழுந்து சொன்னேன். அது சேதமல்ல, அதுதான் அவருடைய ஆய்வு. மறுபடி மடியுங்கள், இல்லையென்றால் அவர் பெயரை எடுங்கள். துக்கத்தில் பேசுகிறேன் என்று மென்மையாகச் சொல்லி, துறைத்தலைவர் எல்லோரையும் தேநீருக்கு அழைத்தார்.

கூட்டத்துக்கு வந்திருந்த அக்காவின் தம்பி வாளருகே குனிந்தார். மடிப்பு இருந்த இடத்தில் மெல்லிய வெடிப்பு.

"இது அக்கான்ர இல்லை," என்றார். வாளருகே வைத்திருந்த அக்காவின் பெயர் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வாரும், போவம்," என்றார் என்னிடம்.

எவரும் தடுக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. எந்தப் பொருள் வந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் முதலில் பார்ப்பார். நெடுநேரம். "தொட்டால் கை திருத்தச் சொல்லும்," என்பார். அந்தக் கூட்டத்திலும் நான் அப்படித்தான் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டி, விரல்கள் வலிக்கும் அளவுக்கு இறுக்கி.