இருவருக்கு நடுவே விழும் பந்து

நான் வேகமாக ஓடுவேன். கல்லூரி சாஃப்ட்பால் அணியில் என்னைச் சேர்த்ததற்கு அது ஒன்றுதான் காரணம். மட்டை பிடிக்கத் தெரியாது, எறிவதும் சுமார். மைதானத்தின் கடைக்கோடியில், நட்ட நடுவில் நிறுத்தினார்கள். எனக்கு அடுத்த இடத்தில் கெங்குவார்பட்டி அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

உயரப் பந்து வந்தால் பிடிக்கப் போகிறவள் கத்திச் சொல்ல வேண்டும், மற்றவள் விலக வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. இளையவள் மூத்தவளை விலகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. "அக்கா, நீங்க விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரைக்கு வந்துவிடும். ஆகவே நான் எதுவும் சொல்லாமல் ஓடினேன்.

தேனியில் ஒரு பயிற்சியின்போது பந்து எங்கள் இருவருக்கும் நடுவே உயர்ந்தது. இருவரும் வானத்தைப் பார்த்தபடி ஓடினோம். என் நெற்றி அக்காவின் இடது கண்ணுக்குக் கீழே மோதியது. விழியின் வெள்ளை முழுவதும் சிவந்துவிட்டது. அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் பார்வை போகலாம் என்றார் மதுரை டாக்டர்.

மூன்று மாதம் கழித்து அக்கா திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்.

"ஏண்டி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"கண்ணு எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தேன் இருக்கு. எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டாக. கெடா முட்டிருச்சுன்னு சொல்லிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் எங்களுக்கு நடுவே வந்த ஒவ்வொரு பந்துக்கும் கடைசி மூன்று எட்டில் என் கால் நின்றுபோனது. பயிற்சியாளர் கேட்டபோது சுளுக்கு என்றேன்.

ஆடி மாதம் ஆண்டிபட்டியில் ஆட்டம். மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று அங்கே பந்தை அதன் போக்கில் விடாது.

கடைசிப் பந்து. பிடித்தால் வெற்றி, விழுந்தால் தோல்வி. அது உயர எழும்பி, நேராக எங்கள் இடைவெளிக்கு வந்தது. ஓடினேன். செம்மண்ணில் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டது. அவர் அண்ணாந்து பார்த்தபடி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே அன்று பட்ட அடியின் தழும்பு தெரியும் தூரம்.

"விடுடி" என்று கத்தினேன்.

அக்கா திகைத்து நின்றார். நானும் பயத்தில் நின்றேன். பந்து இருவருக்கும் நடுவே விழுந்து புழுதி கிளப்பியது.

தோற்றோம். அக்கா பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கத்துனது சரி. கத்துனவ பிடிக்கணும்லடி?"

நான் அவருடைய இடது கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் ஆடினேன். எனக்கு எட்டாத பந்துக்கும் கத்தினேன்.