பெல்ட்டில் தையல்காரர் வைத்த குறி

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிரேக் டீச்சர் என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்யும் தப்புக்குத் தன் காலால் பதில் சொல்கிற வேலை. பொறுமைசாலி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து எரிந்து விழுவது புருஷனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய டிரைவிங் ஸ்கூல் என்பதே அந்த ஒரு பழைய கார்தான். வெள்ளிக்கிழமை அதன் அடியில், இன்ஜினைக் குளிரவைக்கிற பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. வாட்டர் பம்ப் கசிகிறது. பத்து நாள் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்காரர் கையை விரித்துவிட்டார். திங்கட்கிழமை காலை மூன்று பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். சாமான்களை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டு வாசலிலேயே பானட்டைத் திறந்துவிட்டாள்.

பம்பைச் சுற்றவைப்பது டைமிங் பெல்ட். இன்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒத்து ஓடவைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை. பம்பை மாற்ற அதைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றினால் புதிதாகப் போட்டுவிடுவதுதான் நல்லது. ஆனால் சில பல் தள்ளிப் போட்டு ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும். அப்புறம் கார் காயலான் கடைக்குத்தான். டெஸ்ட் என்ன, பிழைப்பே போய்விடும்.

புருஷன் தையல்காரர். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது சத்தம் போடும் என்பது மட்டுமே. அவள் பழைய பெல்ட்டிலும் இரண்டு சக்கரங்களிலும் வெள்ளை பெயின்டால் குறி வைத்துக் கழற்றியதும், மனுஷர் சாக்குக்கட்டியோடு வந்து நின்றார்.

"புது பெல்ட்ல குறி வைக்கிறத என்கிட்ட விடு. முப்பது வருஷமா அதத்தானே பண்றேன்!"

விட்டாள். அவளுக்குப் பம்போடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. ஒரு போல்ட் அசைவேனா என்றது. அசைந்தபோது அவள் விரல் முட்டியில் தோலைப் பிய்த்துக்கொண்டுதான் அசைந்தது. புதுப் பம்பை உட்காரவைத்து நிமிர்வதற்குள் மதியமாகிவிட்டது.

பெல்ட்டை மாட்டினாள். கீழ்க் குறி கச்சிதம். மேல் குறி மட்டும் மூன்று பல் தள்ளி நின்றது. பெல்ட் இல்லாதபோது மேல் சக்கரம் தானாக நகர்ந்திருக்கும் என்று நினைத்து, அதைத் திருப்பிக் குறியோடு சேர்த்தாள். சக்கரம் நகர்ந்ததா இல்லையா என்று தெரிய, இன்ஜின் உடம்பிலும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கலாம். போடவில்லை.

"சாவியப் போட வேண்டியதுதானே?" என்றார் அவர், ஏதோ தானே பம்பை மாற்றியதுபோல.

"கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்காம சாவியத் தொட மாட்டேன். சும்மா இருங்க."

கீழ்ச் சக்கரத்தில் ஸ்பானரை மாட்டி மெல்லச் சுற்றினாள். அரைச் சுற்றுகூட ஆகவில்லை. உள்ளே இரும்பும் இரும்பும் தொட்ட மாதிரி மெல்ல ஒரு 'டிக்'. நின்றுவிட்டது. அவள் கை தானாக ஸ்பானரை விட்டது.

கீழே கிடந்த பழைய பெல்ட்டை எடுத்து, அதில் அச்சடித்திருந்த அம்புக்குறி காட்டிய பக்கமாகக் குறிக்குக் குறி பல்லை எண்ணினாள். நாற்பத்தொன்பது. புதியதில் ஐம்பத்திரண்டு.

"எப்படிங்க குறி வெச்சீங்க?"

"துணிக்கு வைக்கிற மாதிரிதான். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டுற மாதிரி, புதுசக் கவுத்துப் பழசு மேல வெச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் புரிந்துவிட்டது. கவிழ்த்து வைத்ததில் வலப்பக்க எண்ணிக்கை இடப்பக்கம் போயிருந்தது. சாக்குக்கட்டியைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

வாய் வரை வந்த திட்டு எப்படியோ சிரிப்பாக மாறிவிட்டது. இடித்ததுமே ஸ்பானரை விட்டிருந்தாள், உள்ளே எதுவும் வளைந்திருக்காது. கீழ்ச் சக்கரத்தைப் பழையபடி திருப்பி, பெல்ட்டைக் கழற்றி, இந்த முறை தானே எண்ணிக் குறி வைத்தாள். மேல் சக்கரம் மூன்று பல் பின்னால் போனது. மறுபடி ஸ்பானர். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. எங்கும் இடிக்கவில்லை.

கழற்றியதையெல்லாம் மாட்டி, தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் ஒரே முறையில் பிடித்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ கையால சுத்தாம, நான் சொன்னேன்னு சாவியப் போட்டிருந்தா?"

"என்னைக்குங்க நீங்க சொல்லி நான் கேட்டிருக்கேன்?"