வேப்பிலை கட்டிய நாட்களின் கட்டணம்

எழுபதுகளின் பின்பாதியில், பெரிய தேர் நிற்கும் வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், 'மழலையர் மன்றம்' என்று நீலப் பலகை மாட்டிய ஒரு வீடு இருந்தது. மன்றம் என்ற சொல்லுக்குரிய தலைவரோ செயலாளரோ அங்கே கிடையாது. முன்பு பால்வாடியில் வேலை பார்த்த டீச்சரம்மா, அவருக்குத் துணையாக ஓர் ஆயா, காது உடைந்த மரயானை ஒன்று, கூடம் நிறையப் பாய்கள். இவ்வளவுதான் மன்றம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் மாதம் பிறந்ததும் முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். மூன்று வயதான என் தம்பி காலையிலிருந்தே அங்கிருப்பான். நான் பள்ளி விட்டதும் போய்ச் சேர்ந்துகொள்வேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா வந்து எங்களை அழைத்துப் போவாள்.

அம்மா பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். நாள்கூலி வேலைதான், ஆனால் மேசையும் நாற்காலியும் உண்டு என்பதால் நாங்கள் அதை உத்தியோகம் என்றே சொல்லி வந்தோம். அப்பா பெங்களூர் தடத்தில் பஸ் கண்டக்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்கு வருவார்; வந்ததும் தூங்குவார்.

அந்த வருஷப் பங்குனியில், கட்டணம் கொடுத்த சூடு ஆறுவதற்குள், மன்றத்தின் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அங்கேயே குடியிருந்த டீச்சரம்மாவின் மகளுக்கு அம்மை வார்த்திருந்தது. வேப்பிலை கட்டிய வீட்டுக்கு எங்கள் ஊரில் சட்டம் தனி. அந்த வீட்டிலிருந்து உப்போ நெருப்போ காசோ எதுவும் வெளியே போகக் கூடாது. வெளியிலிருப்பவர்கள் கேட்கவும் கூடாது. கேட்டால் அம்மன் கேட்டவர் வீட்டுக்கே புறப்பட்டு வந்துவிடுவாள். நோய் இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கூழ் வார்த்த பிறகுதான் அந்த வீடு மறுபடியும் கொடுக்கல் வாங்கலுக்குத் திரும்பும்.

அம்மாவுக்கு வேறு வழியில்லை. தம்பியை ஆபீஸுக்குத் தூக்கிப் போனாள். முதல் நாள் அவன் மேசைக்கு அடியில் ஒழுக்கமாக உட்கார்ந்து ரசீதுத் தாளைத் தின்றான். மறுநாள் காணாமல் போனான். தெரு முழுக்கத் தேடிக் களைத்த பிறகு, வேலூர் போக இருந்த லாரியில், வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே அவன் தூங்குவதைச் சுமை தூக்குபவர் ஒருவர் கண்டுபிடித்தார். சட்டையில் ஒரு விலாசச் சீட்டும் ஒட்டியிருந்தது. "உயிர்ச் சரக்கு ஏத்தறதில்லீங்களே" என்று சொல்லி அவனை அம்மாவிடம் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது பார்சல் ஆபீஸும்மா, பால்வாடி இல்ல. புள்ளைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு அப்புறமா வா."

அம்மா வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. வராத நாட்களுக்குக் கூலி கிடையாது என்றுவிட்டார் மேனேஜர். இந்தப் பக்கம் வேலை இல்லாததால் கூலி இல்லை. அந்தப் பக்கம் பிள்ளையைப் பார்க்காமலேயே கட்டணம் போயிற்று. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டே தீருவது என்று அம்மா முடிவு செய்தாள்.

இதைக் கேள்விப்பட்டவர்களெல்லாம் பதறினார்கள். தன் மகளையும் மன்றத்தில் விட்டிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வீடு தேடி வந்து, அது ஆத்தா காசு, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். ஊசி போடுகிறவளே இப்படிச் சொன்னது எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றியது. அப்பாவின் கவலை வேறு. ஊரில் வேறு மன்றம் கிடையாது. டீச்சரம்மா கோபித்துக்கொண்டு பையனைச் சேர்க்க மாட்டேன் என்றால் அம்மாவின் உத்தியோகம் அதோடு முடிந்தது. இரண்டு பேர் சொன்னதையும் அம்மா பொறுமையாகக் கேட்டாள். வேப்பிலை இறங்கட்டும், அதுவரை வாய் திறக்க மாட்டேன் என்றாள். அப்புறம் திறப்பேன் என்பதைச் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நாட்களில் அம்மா தனக்குள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தலை பின்னும்போதும், அரிசி களையும்போதும் வாக்கியங்களை அடுக்குவாள், கலைப்பாள், மறுபடியும் அடுக்குவாள். "வர முடியாமப் போச்சுங்க, வரமாட்டேன்னு நான் சொல்லலை" என்பது ஒன்று. "வேலை செய்ய நான் தயாராத்தான் இருந்தேன், வராதன்னது நீங்க" என்பது இன்னொன்று. எல்லாம் டீச்சரம்மாவுக்கென்றே நினைத்தேன். சில வாக்கியங்கள் அவருக்குப் பொருந்தவில்லை என்று தோன்றியதுண்டு. ஆனால் பின்னல் இழுத்த இழுப்பில் அதைக் கேட்கும் துணிச்சல் வரவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, டீச்சரம்மா வீட்டில் கூழ் வார்த்தார்கள். தாய்மார்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா என்னையும் தம்பியையும் அழைத்துப்போனாள். தேறிவிட்ட அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நின்று நிதானமாகக் கூழ் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்த பிறகுதான் பேச்சை எடுத்தாள்.

டீச்சரம்மாவின் முகம் சுருங்கியது. "நானா கதவ சாத்தினேன்? ஆத்தா வந்து சாத்தினா. அதுக்கு எங்கிட்ட காசு கேக்கறியே."

"சாத்தினது தப்புன்னு சொல்லலீங்க. தொறந்து வெச்சிருந்தா நானே புள்ளைய அனுப்பியிருக்க மாட்டேன். எங்க ஆபீஸ்ல லாரி போகலைன்னா வாங்கின கூலிய திருப்பிக் குடுத்துடுவோம். லாரி ஏன் போகலைன்னு சரக்கு போட்டவங்களுக்கு நாங்க கதை சொல்றதில்ல."

"புள்ளைங்க சரக்காம்மா உனக்கு?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தம்பி லாரியில் ஏறிய கதை ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

டீச்சரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். மூடினாலும் வீட்டு வாடகை நிற்குமா, ஆயாவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா, வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்தால் தான் எதைக்கொண்டு சாப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அம்மாவும் அதை மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"ஆயாவுக்குக் குடுத்தீங்களா?"

ஆயா எனக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. என் சொம்பு நிரம்பி வழிந்து விரல்களில் இறங்கியது.

"அவதான் வேலைக்கு வரலையே" என்றார் டீச்சரம்மா.

"வரலையா, வராதன்னு சொன்னீங்களா?"

மரயானைமேல் ஏறிய தம்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"அவங்களுக்குக் குடுத்தீங்கன்னா எனக்குப் பாதி போதுங்க, டீச்சரம்மா. வாடகைக்கு நானும் ஒரு பங்கு குடுத்ததா வெச்சுக்கறேன். குடுக்கலைன்னா எனக்கு முழுசும் வேணும்" என்றாள் அம்மா.

டீச்சரம்மா அம்மாவையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். வெகுநேரம் வராததால், கதவைச் சாத்திக்கொண்டாரோ என்று பயந்தேன். திரும்பி வந்தபோது, எல்லோரும் பார்க்க முதலில் ஆயாவின் கையில் கொடுத்தார். அப்புறம் அம்மாவுக்கு. அதற்கும் அப்புறம், ஆத்தா காசு வேண்டாம் என்றிருந்த நர்ஸும் கையை நீட்டினாள்.

"நாளைக்குப் பையன அனுப்பு. ஆனா சாயங்காலம் லேட்டா வந்தா நான் பார்த்துக்க மாட்டேன். வக்கீலம்மாவுக்கு அதையும் இப்பவே சொல்லிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார் டீச்சரம்மா. அம்மா தலையசைத்தாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீடு வரும்வரை நான் ஜெயித்தவள்போல் நடந்து வந்தேன்.

ஆனால் மறுநாள் காலை, என் தலையைப் பின்னும்போது, அம்மா மறுபடியும் அதே வாக்கியங்களை முணுமுணுக்கத் தொடங்கினாள். முடிந்த வழக்குக்கு இன்னும் ஏன் வாதம் என்று எனக்குப் புரியவில்லை. விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையை உடுத்தியிருந்தாள். தம்பியை மன்றத்தில் விட்டுவிட்டு, என்னைப் பள்ளிப் பக்கம் அனுப்பும் முன் பார்சல் ஆபீஸ் படியில் ஒரு கணம் நின்றாள். உள்ளே மேனேஜர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா தன் நாற்காலிக்குப் போகவில்லை. நேரே அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"வர முடியாமப் போச்சுங்க, வரமாட்டேன்னு நான் சொல்லலை" என்று தொடங்கினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரம்மாவிடம் சொல்ல மறந்ததை, பாவம், அம்மா ஆள் மாறி இங்கே சொல்கிறாள் என்று நினைத்தபடி, பள்ளி மணிக்கு முன் சேர்ந்துவிட ஓடினேன்.