அம்மாவின் மச்சம்

திருக்கோகர்ணத்தில் பிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். எதையும் சத்தம் போட்டுத்தான் படிப்பார். அன்று நான் போனபோது, தன் கடையைப் பற்றி நெட்டில் வந்ததை எல்லாருக்கும் கேட்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“‘ஒரு ஸ்டார். திருட்டுக் கடை. யாரும் போகாதீங்க.’ இதைப் பாத்துட்டு ரெண்டு காதுகுத்து ஆர்டர் போயிருச்சு. நான் யார் வீட்ல என்னத்தத் திருடுனேன்?”

போட்டவன் நான்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்கம்மா மச்சத்தைத் திருடிட்டீங்கண்ணே.”

அம்மாவின் பதினாறாம் நாளுக்கு அடித்த அஞ்சலி பிளெக்ஸில், முகத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று, மூக்குக்குக் கீழே மிளகு போலிருந்த மச்சத்தை அழித்துவிட்டார். வேறு யாருக்கோ மாலை போட்ட மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரில் அம்மா படத்தைத் தேடி எடுத்தார். “அட, தூசின்னுல்ல நெனைச்சேன்! இதை எழுதிருந்தா அன்னைக்கே திருத்திருப்பேன்ல தம்பி? திருடன்னு போட்டா எதைத் திருத்துறது?”

உடனே மச்சம் வைத்தார். புளியங்கொட்டை அளவுக்கு வந்தது.

“இது மச்சமில்லண்ணே, மீசை!”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா போனபிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அங்கேயே போனில் அந்த ஒரு ஸ்டாரை அழித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். அதையும் சத்தமாகப் படித்தார்.

“மூணு ஸ்டார்தானா?”

“மச்சத்தை மிளகளவுக்குக் கொறைச்சு, இன்னுங்கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வைங்கண்ணே.”

குறைத்துத் தள்ளி வைத்தார். அம்மா வந்துவிட்டாள். ஐந்தும் போட்டேன்.

போன வாரம் குளத்தூர் பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் போனேன். கல்யாண பிளெக்ஸுக்கு வந்தவர்களிடம், “மச்சம், தழும்பு ஏதாச்சும் இருந்தா மொதல்லயே சொல்லிருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை கேட்கலாமே என்று நின்றேன். பஸ் போய்விட்டது.