சாம்பல் பூசிய கை

மீன் சுடுவதைப் பற்றி யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் காதில் விழுவது தலை உடையும் சத்தம்தான்.

அறுபதுகளில் செஞ்சியில் நாங்கள் வேதக்கார, கத்தோலிக்கக் குடும்பம். வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்பதால் நைனா கோட்டை அகழியில் விரால் பிடித்து வருவார். விரால் லேசில் சாகாது. பிடித்த கையை விட்டு வழுக்கி ஓடும்.

"கையில சாம்பல பூசிக்கினு புடி. அப்பால தலையில ஒரே போடு" என்று அம்மாவுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். அம்மாவையும் அப்படித்தான் அடிப்பார். மீன் வேகாவிட்டால் அடி, புளிச்சாற்றில் உப்பு குறைந்தால் அடி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா ஒரு விராலை வாழையிலையில் சுற்றித் தணலில் புதைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள மிளகாயும் பூண்டும் அரைத்துப் புளியில் கரைத்தாயிற்று. இரண்டாவது மீனின் தலையில் குழவியால் போட்டுக்கொண்டிருந்தபோது நைனா சாராய வாடையோடு உள்ளே வந்தார்.

"இன்னும் வேவலியா?" என்று அவள் கொண்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். நைனா முறுக்கினார், திமிறினார், காலால் உதைத்தார். பிடி நழுவவில்லை. அவளுடைய இன்னொரு கையில் குழவி, மீன் ரத்தத்தோடு ஓங்கியபடி இருந்தது.

"வழுக்காது" என்றாள் அம்மா. "நீதான்யா சொல்லிக் குடுத்த."

தணலில் மீன் கருகிவிட்டது. சாற்றில் உப்பே இல்லை. நைனா அத்தனையும் தின்று முடித்தார்.