குரங்குகளுக்கு வேகவைத்த கொய்யா

ஒரு பிடிக்கு நாலைந்து கன்றுகள் வந்தன. ஃபிலோமென் வேர்மண்ணை முழங்காலில் தட்டினாள். தலைக்கு மேலிருந்த கிளைக் கவட்டில், வேர் வானத்தைப் பார்க்கும்படி செருகினாள். அடுத்த பிடிக்குக் குனிந்தாள். காட்டு மரங்களை நெருக்கி அழிக்கும் சீனக் கொய்யாவைப் பிடுங்கித் தரையில் போட்டால் ஒரு மழைக்கு மறுபடி வேர்விட்டுவிடும். அதனால் தூக்கில் போடுவதுதான் எங்கள் வழக்கம்.

"மெதுவாக்கா. கை தனியா கழண்டு வந்துரப்போவுது," என்றான் க்ளான்ஸி. அவனும் நானும் பக்கத்து வரிசையில் இருந்தோம்.

"வாயை மூடிட்டு உன் வரிசையைப் பாரு. நாளைக்குள்ள முடிக்கலேன்னா எனக்கு ரோட்டோரப் புல்லுதான்."

மேஸ்திரி தியோராஜ் காலையில் அப்படித்தான் சொல்லியிருந்தார். மறுநாள் வன அதிகாரிகள், காட்டு மரங்களைக் காக்கப் போட்ட இந்த வேலிக்குள் வந்து பார்ப்பார்கள். அப்போது நடுவில் நிற்கும் சாம்பல் மரத்தடியில் ஒரு கொய்யாக் கன்று கண்ணில் பட்டாலும் ஃபிலோமென் காட்டு வேலையிலிருந்து சாலைப் புல் வெட்டும் கும்பலுக்குப் போக வேண்டியதுதான்.

பதினெட்டு வருடமாகக் காட்டில் இருப்பவள். அவள் குரல் கேட்டால் பக்கத்து மலையில் மான்கள் ஓடும். மாதா கோவில் பாட்டுக்குழுவில் அவளைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். வாரமெல்லாம் கொய்யாவை அழிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மலைப்பாதைத் திருப்பத்தில் உட்கார்ந்து, அதே கொய்யாவின் பழத்தை உப்பும் மிளகாயும் தூவி விற்பாள்.

"எதிரியை வாரம் பூரா வெட்டுறே, ஞாயித்துக்கிழமை கூறு கட்டி விக்கிறே," என்பான் க்ளான்ஸி.

"எதிரியை வேற என்னடா பண்ணுவாங்க?"

வேலிக்குள் நிற்கும் சாம்பல் மரத்தைப் போல் தீவில் இன்னொன்று எங்களுக்குத் தெரியாது. அதன் காய் பழுத்து யாரும் பார்த்ததில்லை. பச்சையாக இருக்கும்போதே குரங்குகள் பறித்து, ஒரு கடி கடித்து, எறிந்துவிடும். அந்தக் காய்களை நாற்றங்காலில் புதைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை.

போன வருடம் கொய்யாக் காலத்தில் ஃபிலோமென் ஒரு வேலை செய்தாள். விற்காமல் மிஞ்சிய பழங்களைத் திங்கட்கிழமைதோறும் வேலிக்கு வெளியே ஓடையோரம் கொட்டினாள். குரங்குகள் அங்கேயே குடியிருந்தன. தியோராஜ் கண்டுபிடித்தபோது கொய்யாக் காலம் முடியும் நிலையில் இருந்தது.

"தின்னுட்டு எங்கே வந்து பேளும்? என் வேலிக்குள்ளதானே!" என்று கத்தினார்.

இப்போது மரத்தடி முழுக்கச் சிவப்புத் தளிர். கொய்யாவின் தளிரும் சிவப்புதான். "உன் விருந்தாளிங்க வச்சிட்டுப் போனதைப் பாத்தியா? நீ போட்டது. நீயே பிடுங்கு," என்றார்.

பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

க்ளான்ஸி தண்ணீர் குடிக்க அவள் பக்கம் வந்தான். அவன் உச்சந்தலையில் ஏதோ விழுந்தது.

"குரங்கு! கல்லால அடிக்குதுக்கா!"

குரங்கு இல்லை. தூக்கில் தொங்கிய கன்றிலிருந்து விழுந்திருந்தது. ஃபிலோமென் எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவு, கல் போன்ற கொட்டை. இரண்டாகப் பிளந்திருந்தது. கொய்யா விதை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிளையில் தொங்கிய இன்னும் சில வேர்களில் அதே கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி!"

"என்ன, விழுந்துட்டியா?"

"விழல. மரத்தோட பிள்ளைங்களைத் தூக்குல போட்டுட்டேன்."

தியோராஜ் ஓடிவந்தார். கன்றின் இலை ஒடுக்கமாக, சிவப்பாக இருந்தது. மேலே மரத்தின் இலை அகலமாக, சாம்பல் பூத்திருந்தது. எங்கள் காட்டு மரங்கள் பல, சின்ன வயதில் வேறு இலை போட்டிருக்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சிவப்பைக் கண்டால் எங்கள் கைக்குக் கொய்யா மட்டுமே ஞாபகம் வரும்.

"இறக்குங்கடா!" என்றார்.

மூன்று கவடுகளில் தொங்கியதையும் இறக்கினோம். வாடிக் கிடந்த குவியலில் கொட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு வேராகப் பார்த்தோம். ஈரத்தில் வைக்கப் பாத்திரம் இல்லை. தியோராஜ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். தலைநகர் போர்ட் லூயியின் குதிரைப் பந்தயத்துக்கு என்று வாங்கியது. யாரையும் தொட விடமாட்டார். ஓடைச் சேற்றை அதில் வாரி நிரப்பினார்.

"மேஸ்திரி, இனிமே குதிரை ஜெயிக்காது," என்றான் க்ளான்ஸி.

"இதுவரைக்கும் ஜெயிச்சுதா?"

ஃபிலோமென் சிரிக்கவில்லை. கன்றுகளைச் சேற்றில் நட்டுக்கொண்டே இருந்தாள். மூக்கை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி முளைச்சுது?" என்று தியோராஜ் கேட்டார்.

"குரங்குக்கு வேற சோறு கிடைச்சுது. காய் பழுத்துது. விழுந்துது."

"கொய்யாவும்தான் முளைச்சிருக்கு."

"அதுவும் என்னுதுதான். இல்லேன்னு சொன்னேனா?"

தியோராஜ் அண்ணாந்து பார்த்தார். மரத்தில் இந்த வருடமும் பச்சைக் காய் இருந்தது. வெறுந்தலையைச் சொறிந்தார்.

"ஏ ஃபிலோமென், கொய்யாவை வேக வச்சா விதை செத்துரும் இல்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகுதான் சிரித்தாள். பக்கத்து மலைக்குக் கேட்டிருக்கும்.

"உப்பு மிளகாயும் போடவா?"

மறுநாள் மழை. அதிகாரிகள் வரவில்லை. தொப்பியிலிருந்த கன்றுகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. நின்றவற்றை நாற்றங்காலுக்குக் கொண்டுபோனார்கள், தொப்பியோடு. மரத்தடியில் மீதி வரிசையை ஃபிலோமென் முடித்தாள். ஒவ்வொன்றையும் அடியில் விரல்விட்டுத் தோண்டிப் பார்த்துவிட்டுக் கொய்யாவை மட்டும் பிடுங்கினாள். கொட்டை இருந்த கன்றுகளை விட்டுவிட்டு, பக்கத்தில் அடையாளத்துக்குக் குச்சி நட்டாள். ரோட்டோரப் புல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. மத்தியானம் ஓடையோரம் ஒரு குண்டான் வெந்த கொய்யாவைக் கொட்டினோம். குரங்குகள் வந்து முகர்ந்து பார்த்தன. ஒன்று தின்றது. மற்றவை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தியோராஜ் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.